அன்னூர் இட்டேரியில் ஒரு ஸ்டீல் டப்பா

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை ஹைதராபாத்தில் இருந்தது. சிங்கப்பூரில் ஆய்வகத் தராசுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். ஹைதராபாத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை புதிதாக இறக்கியிருந்த தராசுகளை நான் போய்ப் பார்த்துவர வேண்டும். விமானம் மாறும் இடம் கோவை. காலையில் இறங்கினால், மறுநாள் மாலை விமானத்தில்தான் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

காரணம் என் பொழுதுபோக்கு. ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கோ ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தபடி தேடிப்போவோம். கிடைத்தால் உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளில் பேரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவோம். அவ்வளவுதான். இதற்காகவா வெயிலில் அலைகிறாய் என்று என் கணவர் கேட்காத வாரம் கிடையாது.

கோவையிலும் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்களா என்று இணையக் குழுவில் கேட்டிருந்தேன். எந்தப் பெட்டி விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதுதான் என் கேள்வி. பதில் இப்படி வந்தது: "நீங்க வாங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்ள வந்தவர் செந்தில். துடியலூரில் லேத் பட்டறை வைத்து, பம்புகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பவர். நாற்பது வயதிருக்கும். ஊரே குட்டியானை என்று கூப்பிடும் சின்ன லோடு வண்டியோடு நின்றிருந்தார். வண்டிக்குள் கிரீஸ் வாசமும் காலடியில் இரும்புச் சீவலும். "ஒறம்பரைக்கு வர்றவங்களக் கூட்டிட்டுப் போற வண்டியா இதுன்னு ஊட்ல திட்டறாங்க. காரு சர்வீசுக்குப் போயிருக்குதுங்க. சாப்டீங்களா?" என்றார். ஒறம்பரை என்பது அவர்கள் பேச்சில் விருந்தாளி. விமானத்தில் சாப்பிட்டேன் என்றேன். அதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வழியில் ஒரு மெஸ்ஸில் நிறுத்தி, சந்தகையும் தேங்காய்ப்பாலும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு. சந்தகை என்பது நம் இடியாப்பத்தின் இன்னும் மெல்லிய உறவு. தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளி, "சிறுவாணித் தண்ணிங்க, குடிச்சுப் பாருங்க" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரைப் பற்றி யாரும் பெருமை பேசி நான் கேட்டதில்லை. நன்றாக இருந்தது என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

முதல் பெட்டி இருந்த குளக்கரையில், அதே குழுவைச் சேர்ந்த ஷாஜிதா காத்திருந்தார். கோட்டைமேட்டுக்காரர், அப்பாவுக்குப் பிறகு குடும்பத்தின் மூக்குக் கண்ணாடிக் கடையை நடத்துகிறார். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கினார். கைப்பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு திருப்புளி எடுத்து, தளர்ந்திருந்த திருகை முடுக்கிக் கையில் கொடுத்தார். "இப்ப நல்லாத் தேடலாம்" என்றார்.

சிங்கப்பூரில் இந்த விளையாட்டின் பெரிய சிரமம், யாரும் பார்க்காமல் தேடுவது. பூங்கா இருக்கைக்கு அடியில் கைவிட வேண்டுமென்றால் காலணிக் கயிறு கட்டுவதுபோல் குனிவோம். பார்த்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். கோவையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் குளக்கரைக் கம்பியைத் தடவ ஆரம்பித்த உடனேயே நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்றுவிட்டார்.

"என்னங்க, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"

"சாவிங்க" என்றார் ஷாஜிதா, கொஞ்சமும் யோசிக்காமல்.

"அடடா. வண்டிச் சாவிங்களா, ஊட்டுச் சாவிங்களா?"

அவரும் தேட ஆரம்பித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கம் எல்லாம் கைவிட்டுப் பார்த்தார். கடைசியில், "சாவி காணங்க. ஏதோ டப்பாதான் ஒட்டிக்கிட்டிருக்குது" என்று, காந்தம் வைத்த சின்ன உருளையைப் பிய்த்துத் தூர வீசிவிட்டு, பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவரின் கடை எங்கே இருக்கிறது என்று வழியும் சொல்லிவிட்டுப் போனார். அவர் வளைவில் மறையும் வரை மூன்று பேரும் முகத்தைக் காட்டாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு புல்லில் அந்த உருளையைத் தேடி எடுத்துப் பேரெழுதினேன். இந்தியாவில் என் முதல் பெட்டி.

மதியம் ஷாஜிதா வீட்டில் நெய்ச்சோறும் தால்ச்சாவும். சாயங்காலம் ரோட்டுக்கடைக் காளான். காளான் என்று கொடுத்த தட்டில் முக்கால்வாசி முட்டைக்கோஸ்தான் இருந்தது. சொன்னேன். "அது அப்படித்தானுங்க" என்றார் செந்தில், அதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல. இரண்டாவது தட்டு வாங்கினேன்.

அப்போதுதான் அன்னூர் பேச்சு வந்தது. செந்தில் தன் கையால் செய்து ஒளித்துவைத்த முதல் பெட்டி அன்னூர்ப் பக்கம் ஒரு மண்பாதையில் இருக்கிறது. பட்டறையில் மிச்சமான துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் மரை வெட்டி, மூடி திருகி, மூடியின் மேல் எண்களைப் பொறித்து வைத்தது. ஒரு வருடமாகத் தேடிப்போன யாருக்கும் அது கிடைக்கவில்லை. "யாராச்சும் எடுத்துட்டாங்களா, மழைல பொதஞ்சிருச்சான்னு பாக்கோணும். நாளைக்குப் போலாங்களா? மத்தியானத்துக்குள்ள வந்தரலாம்."

மறுநாள் காலை என் பயணப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, மூன்று பேரும் குட்டியானையின் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு சத்தியமங்கலம் சாலையில் கிளம்பினோம். கியர் மாற்றும்போதெல்லாம் நான் முழங்காலை ஒதுக்க வேண்டும். கோவில்பாளையம் தாண்டவில்லை, பின் டயர் பஞ்சர். மாற்று டயர் பட்டறையில் சாய்த்துவைத்தபடி இருப்பது செந்திலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆகாதுங்க. புது ட்யூபுதான். பையன அனுப்பி வாங்கியாரச் சொல்றேன், நீங்க போயிட்டு வந்து எடுத்துக்குங்க" என்றார். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளில் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

பேருந்தில் போனோம். ஜன்னலோரம் கிடைத்தது. மில் சுவர்கள், வாழைத் தோட்டம், மறுபடி மில் சுவர், அப்புறம் நெடுக சோளத்தட்டு. அன்னூரில் இறங்கி டீ குடித்து, இன்னொரு சின்னப் பேருந்தில் ஏறினோம். நடத்துநர் "எங்கீங்க போகோணும்?" என்று கேட்டதற்கு செந்தில் கைபேசியைப் பார்த்து, "இங்கயே நிறுத்துங்க" என்று ஊரே இல்லாத இடத்தில் எங்களை இறக்கினார்.

அங்கிருந்து இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை. அதற்குத்தான் இங்கே அந்தப் பெயர். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மயில் ஒன்று வேலியில் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. சிங்கப்பூரில் இப்படி ஒரு பாதை இருந்தால் அதற்கு ஒரு பெயர்ப்பலகையும் நுழைவு நேரமும் இருக்கும்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு கல் நட்டிருந்தது. அதன் அடியில்தான் பெட்டி இருந்திருக்க வேண்டும். கைபேசியில் வானிலிருந்து எடுத்த படம். அதன் மேல் பச்சைப் புள்ளி. நாங்கள் அதன் மேலேயே நின்றோம். செந்தில் குச்சியால் மண்ணைக் கிளறினார். ஷாஜிதா வேலிக்குள் எட்டிப் பார்த்தார். நான் தீர்க்கரேகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கல்லுகிட்ட என்னங்க வேல?"

பின்னால் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் துண்டு, கையில் மண்வெட்டி. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"சும்மாதாங்க" என்றார் செந்தில். "ஒரு சாவி..." என்று ஆரம்பித்தார் ஷாஜிதா.

"சாவிங்களா? சாவி தேடறதுக்குப் போனப் பாத்து நம்பர் படிப்பாங்களா?" செந்திலின் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். பிடுங்கினார் என்று சொல்ல முடியாது. ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. திரையைப் பார்த்தார். அவர்களுடைய தோட்டம், கிணறு, ஓட்டு வீடு எல்லாம் அதில் தெரிந்தது. எல்லையில் பச்சைப் புள்ளி. பின்னால் வந்தவர்களிடம் காட்டினார். "பாத்தீங்களா? நான் சொன்னனில்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செந்திலுக்குப் புரிந்துவிட்டது, முகம் வெளிறியது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஏதோ தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று நெடுநாளாகப் பேச்சு. யார், எப்போது, எந்த நிலத்தை என்று எதுவும் தெளிவில்லாத பேச்சு. அளக்க வருகிறவர்கள் இப்படித்தான் கைபேசியும் கையுமாக வருவார்கள்.

"மருவாதியாத்தானுங்க கேக்கறேன். உங்கள யாரு அனுப்புனாங்க?" கோபத்தில் குரல் உயர்ந்தது. அப்போதும் ஒரு 'ங்க' குறையவில்லை. மரியாதையான கோபம் எவ்வளவு பயமுறுத்தும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் உதவப் பார்த்தேன். "ஐயா, நாங்க அளக்க வரலை. நான் சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கேன்" என்றேன்.

அதைவிட மோசமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. "வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்களே வந்துட்டாங்க" என்றார் பின்னால் நின்றவர். முன்னால் நின்றவர் மண்வெட்டியை மண்ணில் ஊன்றினார். "மதினிகிட்டப் போலாம். அவங்க கேக்கட்டும். நடங்க."

நடந்தோம். என் பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருந்தது. அதை அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மாலை விமானத்தை நினைத்தேன். ஷாஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டு வீட்டின் முன்னால் ஒரு பெண்மணி கறிவேப்பிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஈஸ்வரி என்று பெயர். கணவர் இல்லை. எங்களைக் கூட்டிவந்தவர் அவருடைய கொழுந்தனார் கந்தசாமி. விஷயத்தைக் கேட்டதும் ஈஸ்வரி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார்.

செந்திலின் எஃகு உருளை. மூடியில் எண்கள் பளபளத்தன.

"இது உங்களுதுங்களா?"

செந்தில் தலையாட்டினார்.

சோளத்தட்டு அறுக்கப் போனபோது கல்லுக்கு அடியில் கிடைத்ததாம். அவர் அதை அன்று பார்த்த கண்ணோடு நான் இப்போது பார்த்தேன். எல்லைக் கல்லுக்கு அடியில் புதைத்த எஃகு உருளை, மேலே பொறித்த எண்கள், உள்ளே வரிசையாகப் பேர்களும் தேதிகளும். விளையாட்டு என்று யார் நினைப்பார்கள்? விசாரிக்காத இடமில்லை என்றார். பார்த்த எல்லோரும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லச் சொல்ல, தெரிந்தே மறைக்கிறார்கள் என்ற பயம்தான் கூடியிருக்கிறது.

ஈஸ்வரி தாளை விரிக்கவில்லை. மனப்பாடமாகவே சொன்னார். "செந்தில்குமார், ஷாஜிதா பேகம், அப்பறம் ஒரு வெள்ளக்காரன் பேரு, பிரகாஷ்னு ஒருத்தரு, மறுபடியும் ஷாஜிதா பேகம். இவங்கெல்லாம் எந்த ஆபீசுங்க? அத மட்டும் சொல்லிப்போடுங்க. சண்ட போட மாட்டனுங்க."

ஷாஜிதா மெதுவாகச் சொன்னார்: "நான்தானுங்க ஷாஜிதா. ஆபீசு இல்லீங்க. கோட்டைமேட்டுல கண்ணாடிக் கடை வெச்சிருக்கறேன்."

கந்தசாமி நம்பவில்லை. ஈஸ்வரி ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். "எழுதிக் காட்டுங்க."

ஷாஜிதா எழுதினார். பேருக்குப் பக்கத்தில், வழக்கம்போல, இரண்டு வட்டமும் நடுவில் ஒரு கோடுமாக ஒரு மூக்குக் கண்ணாடி வரைந்தார். ஈஸ்வரி இப்போது தாளை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கந்தசாமியும் குனிந்து பார்த்தார்.

"இது கண்ணாடிங்களா?" என்றார் ஈஸ்வரி.

"ஆமாங்க. எங்க கடைக்காக வரையறது."

"ரெண்டு கெணறும் நடுவுல வாய்க்காலும்னு நெனச்சோமுங்க." கந்தசாமியைப் பார்த்தார். "நம்ம கெணத்தையும் உங்க கெணத்தையும் குறிச்சுட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

கந்தசாமி செந்திலின் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கலாம் என்று நினைத்தேன். நல்ல வேளை, சிரிக்கவில்லை. ஏனென்றால் ஈஸ்வரி சிரிக்கவில்லை.

செந்தில் எல்லாவற்றையும் விளக்கினார். பெட்டி, எண்கள், தேடுவது, பேரெழுதுவது. நான் என் கைபேசியில் சிங்கப்பூரில் எடுத்த படங்களைக் காட்டினேன்: மரப்பொந்தில் ஒரு டப்பா, பாலத்துக்கடியில் ஒரு டப்பா, எல்லாவற்றிலும் அசட்டுச் சிரிப்போடு நான். ஈஸ்வரி ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து முடித்தார்.

"அப்ப வெளையாட்டுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் செந்தில்.

"ஒரு வருசமா நான் ஒழுங்காத் தூங்கலீங்க." சத்தம் போடவில்லை. வீட்டின் பக்கவாட்டைக் காட்டினார். கறுப்புப் பைகளில் தென்னங்கன்றுகள் வரிசையாக நின்றன. பாதி காய்ந்திருந்தது. வேர் பையைக் கிழித்து வெளியே வந்திருந்தது. "அந்தப் பக்கம் நடறதுக்கு வாங்குனது. இது கெடச்ச பொறகு நடலீங்க. போற நெலத்துல எதுக்கு நடோணும்னு வுட்டுப்போட்டேன். எம்பையன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, வித்துட்டு வந்துருங்கம்மான்னான். கேட்டு வந்தவங்ககிட்ட வெலையும் பேசிப்போட்டேன். கையெழுத்துப் போடலை, அவ்வளவுதான்."

செந்தில் அந்தக் கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பொறம்போக்குன்னு நெனச்சு வெச்சுட்டனுங்க. ஊட்டுல வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். கேக்காம வெச்சது தப்புங்க" என்றார். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான். இத்தனை வருடத்தில் எத்தனை பெட்டிகளைத் தேடியிருக்கிறேன். அது யாருடைய இடம் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அதையும் நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்வரி கொஞ்ச நேரம் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இதுல இருக்கற எண்ணு அந்தக் கல்லு இருக்கற எடத்தச் சொல்லுதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப மத்த மூணு மூலைக்கும் இதே மாதிரி எண்ணு இருக்குமில்லீங்க?"

"இருக்குங்க."

"எனக்கு எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

செந்தில் தயங்கினார். கைபேசி எண் எந்த அலுவலகத்திலும் செல்லாது, பத்தடி முன்னே பின்னே இருக்கும், பத்திரமும் அளவுப்படமும்தான் கணக்கு என்று சொன்னார்.

"பத்தரம் பீரோவுல இருக்குதுங்க. அது இருக்கட்டும். நாளைக்கு எவனாச்சும் வந்து எண்ணுல பேசுனா, நானும் எண்ணுல பேசோணுமில்லீங்க?"

அப்புறம் நடந்ததுதான் அந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான வேலை. அளக்க வந்தவர்கள் என்று பிடிக்கப்பட்ட நாங்கள் அளக்கக் கிளம்பினோம். அளவு என்று வந்துவிட்டால் எனக்குத் தொழில் புத்தி வந்துவிடும். ஒருமுறை பார்த்துக் குறிக்கக் கூடாது, மூன்று கைபேசியிலும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு மூலையிலும் எண் அசையாமல் நிற்கும்வரை நிற்க வேண்டும், பிறகு சராசரி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மொட்டை வெயில். கந்தசாமி வழிகாட்டினார். ஈஸ்வரி ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் போய் நின்றார். ஷாஜிதா எழுதினார். ஒரு மூலையில் கல் முள்ளுக்குள் மறைந்திருந்தது. கந்தசாமி மண்வெட்டியால் வெட்டி வழிவிட்டார். கிணற்றையும் எடுக்கச் சொன்னார் ஈஸ்வரி. எடுத்தோம்.

முடித்து வந்தபோது சாப்பிடாமல் போக முடியாது என்றார்கள். நேரமாகிவிட்டது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்து வைத்த சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். எங்கள் வீட்டில் இதைப் பொங்கல் என்று சொல்லி ஏமாற்றியிருப்பேன். இது பொங்கலில்லை, பூண்டும் மிளகாய்வற்றலும் இதன் சங்கதியே வேறு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிய ஈஸ்வரி கேட்டார்: "சிங்கப்பூர்ல உங்களுக்குக் காடு தோட்டம் எவ்வளவுங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. அடுக்குமாடில ஒரு வீடு. அதுவும் அரசாங்கத்துகிட்ட குத்தகை."

"குத்தக முடிஞ்சா?"

"திருப்பிக் கொடுத்துடணும். ஆனா அது என் பேரப்பிள்ளைங்க காலத்துல."

"அப்ப ஒரு நாள் போயிரும்னு தெரிஞ்சேதான் இருக்கறீங்க" என்றார் அவர். பரிதாபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை, பொறாமையாகச் சொன்ன மாதிரியும் இல்லை. நான் சோற்றைப் பிசைந்தேன்.

எழுதிய எண்களை ஒரு நல்ல காகிதத்தில் எழுதிக் கொடுத்தார் ஷாஜிதா. ஈஸ்வரி அதை மஞ்சள் பைக்குள் வைத்தார். உருளை இன்னும் வெளியே இருந்தது. எனக்கு ஒரு ஆசை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கையிலேயே எடுத்துப் பார்த்துவிட்டு, பேரெழுதாமல் போவதா? "அக்கா, அந்தத் தாள்ல நானும் ஒரு பேர் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். பேனாவையும் எடுத்துவிட்டேன்.

ஈஸ்வரி தாளைச் சுருட்டி உள்ளே வைத்து, மூடியைத் திருகினார்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. இதுல இன்னொரு பேரு வேண்டாங்க."

பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். செந்தில் உருளையைக் கேட்கவில்லை. அவர் கேட்கக் கூடாது என்று நானும் நினைத்தேன். அது அந்த மஞ்சள் பையோடு உள்ளே போயிற்று. இணையத்திலிருந்து அந்த இடத்தை எடுத்துவிடுகிறேன் என்று செந்தில் சொன்னார். அங்கேயே நின்று எடுத்தும்விட்டார். பச்சைப் புள்ளி போய்விட்டதைக் கந்தசாமிக்குக் காட்டினார்.

இனிப் பேருந்து பிடித்தால் விமானம் கிடைக்காது. யாரும் கேட்காமலே கந்தசாமி தன் காரை எடுத்து வந்தார். பின்னிருக்கையில் உரமூட்டை, அதை இறக்கிவிட்டுத் துடைத்தார். செந்திலும் ஷாஜிதாவும் கோவில்பாளையத்தில் பஞ்சர் கடை முன்னால் இறங்கி, குட்டியானையிலிருந்த என் பயணப் பெட்டியைக் காருக்கு மாற்றினார்கள். ஷாஜிதா ஜன்னல் வழியாகக் கைவிட்டு, என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிவிட்டார். "அடுத்த தடவ சும்மா வாங்கக்கா. எதையும் தேட வேண்டாம்" என்றார் செந்தில். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. வெளியே நின்று, போகிற வரைக்கும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் கந்தசாமியும் நானும் மட்டும். காளப்பட்டி வழியாகப் போனோம். சாலையெங்கும் கட்டடவேலை, ஒரு காலத்தில் இதெல்லாம் சோளக்காடு என்று அவர் கையைக் காட்டிக்கொண்டே வந்தார். காலையில் மண்வெட்டியோடு நின்றவர் இவர்தான் என்பதை எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "ஏனுங்க, அந்த எண்ணு காட்டற ஆப்பு எல்லாப் போன்லயும் வருங்களா?" என்று கேட்டார்.

வரும் என்றேன். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கைபேசியை வாங்கி ஏற்றிக் கொடுத்தேன். "எங்க ஊர்ல எல்லாத்துக்கும் மூலைக்கு மூலை எடுத்து வெச்சரலாம்னு இருக்கறனுங்க. நீங்க சொன்ன மாதிரி, அசையாம நிக்கற வரைக்கும் நின்னு" என்றார். சிக்னல் விழுந்ததை நாங்கள் கவனிக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். எனக்கு ஓட வேண்டிய அவசரம். அவர் இறங்கி, என் பயணப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, கைபேசியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றார்.

"காட்டுதுங்க! நாம நிக்கற எடம்! ஆனா எடத்துக்குப் பேரு கேக்குது. என்ன போடட்டுங்க?"

"உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க."

காவலர் விசில் ஊதினார், வண்டியை எடுக்கச் சொல்லி. கந்தசாமி ஒரு கையைத் தூக்கி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். முடித்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'சிங்கப்பூரம்மணி எறங்குன எடம்' என்றிருந்தது.